கடையில் இனித்தது கோயிலில் இனிக்குமா? ஒர்க்ஸ்டேஷன் கீபோர்டைப் பார்த்து வாங்குவது எப்படி

போன மாசம் என் சித்தப்பா மகன் ஈப்போ கடை ஒன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினான். நாற்பது வினாடி. ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்திருக்கிறான். அதற்கே வயலின் கூட்டம், கோரஸ், மணி, அடியில் இடி உருளுகிற மாதிரி ஒன்று, எல்லாம் கிளம்பித் தானாக ஓடுகிறது. கடைசியில் மூச்சுவாங்கக் கேட்டான்: "அண்ணே, ஒரு கட்டைதாண்ணே அமுக்கினேன். வாங்கிடவா?"

"பணத்தை வெளியே எடுக்காதே. முதல்ல சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி வா" என்று பதில் போட்டேன்.

அவன் வந்ததும் வீட்டுப் பின்கட்டில் உட்கார வைத்து, தே தாரிக் ஆறும்வரை சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவன் கோயில் பஜனையில் வாசிப்பவன். உறுமி குழுவோடு சுற்றுகிறவன். இப்போது சொந்தமாகப் பாட்டு கட்டி ரெக்கார்டு செய்ய வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் ஒரே பெட்டி வேண்டும் என்று தேடினால் 'ஒர்க்ஸ்டேஷன்' என்ற சொல் எதிரே வந்து நிற்கும். ஆனால் அது என்ன என்று பாதிப் பேருக்குத் தெரியாது, கடைக்காரர்களில் சிலரையும் சேர்த்துத்தான்.

தாத்தா காலத்துத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லயம், சாமான் கடை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க டிரெசர், எல்லாம் தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருந்தன. சம்பள நாளைத் தவிர டவுனுக்குப் போக வேண்டிய வேலையே கிடையாது. ஒர்க்ஸ்டேஷனும் அப்படித்தான். பாட்டு ஒன்று மனசில் தோன்றுவதிலிருந்து ஸ்பீக்கரில் கேட்பது வரை தேவையான எல்லாமே ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஒலியை உண்டாக்கும் எந்திரம் உண்டு. நீங்கள் வாசித்ததை டிராக் டிராக்காகப் பதிந்துவைக்கும் சீக்வென்சர் உண்டு. எக்கோ, ரிவெர்ப் போன்ற எஃபெக்டுகள் உண்டு. வாசிக்கக் கட்டைகள் உண்டு. பெரும்பாலானவற்றில் வெளியிலிருந்து ஒலியைப் பிடித்து உள்ளே போட்டுக்கொள்ளும் சாம்ப்ளரும் உண்டு. வசதியும் தோட்டத்து வசதிதான், தொல்லையும் தோட்டத்துத் தொல்லைதான். எல்லைக்குள் இருக்கும் வரை ராஜா. அங்கே கிடைக்காத ஒன்று வேண்டுமென்றால்தான் மண்பாதையில் நடக்க வேண்டும்.

இதே மாதிரி இருக்கும் வேறு இரண்டு வகையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கல்யாண மண்டபங்களில் ஒரே ஆள் உட்கார்ந்து முழு இசைக்குழு மாதிரி வாசிப்பது அரேஞ்சர் கீபோர்டு. இடது கையில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) பிடித்தால் தாளமும் பேஸும் அதுவாகவே துணைக்கு வரும். அந்தத் துணையை யாரோ ஏற்கெனவே கட்டிவைத்திருப்பார்கள், நீங்கள் அதன் மேல் ஏறிச் சவாரி செய்கிறீர்கள். ஒர்க்ஸ்டேஷனில் அந்தத் தாளத்தையும் பேஸையும் நீங்களே கட்ட வேண்டும். இன்னொரு வகை வெறும் சிந்தசைசர். ஒலியை வடிப்பதில் கெட்டிக்காரன், ஆனால் முழுப் பாட்டையும் கட்டி முடிக்கும் வசதி பலவற்றில் இருக்காது. கடை அலமாரியில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், விலையும் சில சமயம் ஒன்றுபோல இருக்கும். சட்டப்படி எல்லைக்கல் எதுவும் நடப்படவில்லை என்பதும் உண்மை.

இந்தப் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983இல் மிடி என்ற பொது மொழி வந்தது. ஒரு கேபிளில் 16 சானல். இன்றைக்கும் பெரும்பாலான ஒர்க்ஸ்டேஷனில் 16 டிராக் இருப்பதற்குக் காரணம் அந்த எண்தான். 1988இல் கோர்க் கம்பெனியின் எம்-1 வந்தது. ஒர்க்ஸ்டேஷன் என்றால் இப்படித்தான் என்று உலகத்துக்கே பழக்கிவிட்டது அதுதான். அதன் மொத்த ஒலிக் களஞ்சியம் 4 மெகாபைட். இன்று உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அவ்வளவு ஆகும். ஒரே நேரத்தில் 16 குரல், 8 டிராக் சீக்வென்சர், அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்த பியானோவும் ஆர்கனும் 90களின் நடனப் பாட்டுகளில் கேட்காத இடமில்லை. அதற்குப் பிறகு 1999இல் கோர்க் டிரைட்டன், 2001இல் யமஹா மோட்டிஃப், அதே வருஷம் ரோலண்ட் ஃபேன்டம், 2011இல் கோர்க் குரோனோஸ், 2016இல் யமஹா மான்டாஜ் என்று குடும்பம் பெருகியது.

இந்த 4 மெகாபைட்டை ஏன் சொல்கிறேன் என்றால், கடையில் முதலில் காட்டுவது எண்களைத்தான். இத்தனை ஆயிரம் ஒலி, இத்தனை ஜிகாபைட் என்பார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 3,000 ஒலி உள்ள பெட்டியில் நீங்கள் வாழ்நாளில் தொடப்போவது முப்பதோ நாற்பதோதான். அந்த நாற்பது எப்படி இருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தனியாக நிற்கும் மணப்பெண்

இனி அந்த நாற்பது வினாடிக்கு வருவோம். தம்பி கேட்டு மயங்கியது ஒரு ஒலியே கிடையாது. நாலைந்து ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி எஃபெக்டு போட்டு, அழுத்தியதும் தானே ஓடும்படி ஆர்பெஜியோவை, அதாவது சுரங்களை வரிசையாக உதிர்க்கும் அமைப்பை, கட்டிவைத்திருக்கிறார்கள். கடையில் விற்பதற்கென்றே அலங்கரித்து நிறுத்திய மணப்பெண். கோர்க்காரர்கள் தனி ஒலியை புரோகிராம் என்றும் அடுக்கியதை கோம்பினேஷன் என்றும் சொல்வார்கள். யமஹா வாய்ஸ், பெர்ஃபார்மன்ஸ் என்று சொல்லிப் பழக்கியது. மான்டாஜ் வந்தபிறகு எல்லாமே பெர்ஃபார்மன்ஸ்தான். ரோலண்ட் ஒரு காலத்தில் பேட்ச் என்றது, பிறகு டோன் என்றது. பெயர்தான் வேறு, விஷயம் ஒன்றுதான்: தனியாக ஒன்று, கூட்டமாக ஒன்று.

ஒலியைத் தனியாக எடுத்தால் பெட்டியின் எஃபெக்டு முழுவதும் அதற்கே கிடைக்கும். அதே ஒலியைப் பாட்டுக்குள் பதினாறில் ஒன்றாகக் கொண்டுபோய் நிறுத்தினால், இருக்கிற எஃபெக்டை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டிரைட்டனில் தனித்தனி ஒலிகளுக்குப் போடக்கூடிய இன்சர்ட் எஃபெக்டு மொத்தம் 5. டிராக்கோ 16. ஐந்து பேருக்குப் பட்டுப் புடவை, மற்றவர்களுக்கு இருப்பதை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான். குரோனோஸில் அது 12 ஆனது. புதிய பெட்டிகளில் நிலைமை நன்றாகவே முன்னேறியிருக்கிறது. ஆனாலும் 'பாட்டு மோடில் எத்தனை டிராக்குக்குத் தனி எஃபெக்டு?' என்று கேட்காமல் எந்தப் பெட்டியையும் வாங்கக் கூடாது. செகண்ட் ஹேண்ட் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

நான் இதைக் கற்றது ஒரு மாரியம்மன் திருவிழாவில். என் முதல் ஒர்க்ஸ்டேஷனில் ஒரு புல்லாங்குழல் இருந்தது. வீட்டில் தனியாக வாசித்தால் அம்மாவே சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார். இரண்டு வாரம் உட்கார்ந்து எட்டுப் பாட்டுக்குப் பின்னணி கட்டினேன், ஹெட்ஃபோனில் நள்ளிரவு வரை. எட்டாவது டிராக்கில் அந்தப் புல்லாங்குழல். சாமி புறப்பாட்டன்று பந்தலில் போட்டால் குழலைக் காணோம். மூக்கடைத்த ஆள் தூரத்தில் நின்று முனகுவதுபோல ஏதோ ஒன்று கேட்கிறது. அந்தக் குழலின் அழகில் பாதி அதன் ரிவெர்பிலும் டிலேயிலும் இருந்திருக்கிறது. பாட்டுக்குள் போனதும் அந்த எஃபெக்டை பேஸ் கிட்டார் எடுத்துக்கொண்டுவிட்டது. ஹெட்ஃபோனில் மற்ற வாத்தியங்களைக் குறைத்து வைத்துக் கேட்டதால் எனக்கு அது பிடிபடவில்லை. கோயில் தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் கூப்பிடவும் இல்லை.

அதனால் கடைக்குப் போனால் நான் செய்வது இதுதான். ஹெட்ஃபோனை நானே கொண்டுபோவேன். பெட்டியை வெறும் பாட்டு மோடில் போட்டு, டெமோ எதையும் தொடாமல், பதினாறு பார், அதாவது பதினாறு தாள வட்டம், கட்டுவேன். டிரம், பேஸ், ஒரு கிட்டாரோ பியானோவோ, பின்னால் ஸ்டிரிங்ஸ், மேலே குழல். அழகாக வர வேண்டும் என்பதில்லை. கட்டி முடித்ததும் மூன்று விஷயம் பார்ப்பேன். ஒவ்வொரு வாத்தியமும் தன் இடத்தில் கேட்கிறதா? தனியாக இருந்தபோது இருந்த முகம் எதற்குப் போய்விட்டது? இதைக் கட்ட எனக்கு எத்தனை நிமிஷம் ஆனது? மூன்றாவது கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஒரு டிராக்குக்கு ஒலி மாற்ற ஐந்து திரை தாண்ட வேண்டிய பெட்டியில், ராத்திரி பதினொரு மணிக்கு வேலை முடிந்து வந்து நீங்கள் பாட்டுக் கட்டப்போவதில்லை. தொலைக்காட்சியைத்தான் போடுவீர்கள்.

கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஒரே கட்டையை ஐம்பது தடவை

ஒலி நல்லதா என்பதைக் காது பழகாதவர்களும் கண்டுபிடிக்க முடியும். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலான ஒலிகள் நிஜ வாத்தியத்தைச் சுரம் சுரமாகப் பதிவு செய்து வைத்தவை. எல்லாச் சுரத்தையும் எல்லா அழுத்தத்திலும் பதிவு செய்தால் இடம் தாங்காது. அதனால் மூன்று, நான்கு கட்டைக்கு ஒரு பதிவு, மெதுவான அடிக்கு ஒன்று, பலமான அடிக்கு ஒன்று என்று வைத்து, இடையில் இருப்பதை நீட்டிச் சுருக்கி ஒட்டுப்போடுகிறார்கள். ஒட்டுப்போட்ட தையல் எங்கே தெரிகிறது என்று தேடுவதுதான் நம் வேலை.

பியானோ ஒலியை எடுத்து நடுவில் ஒரே கட்டையை, பூ தொடுகிற மாதிரி ஆரம்பித்து ஓங்கி அடிப்பது வரை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அடியுங்கள். ஐம்பது தடவை அடித்தாலும் தப்பில்லை. நல்ல ஒலி மெல்ல மெல்லப் பிரகாசமாகும். மட்டமானதில் ஏதோ ஒரு இடத்தில் படக்கென்று வேறு ஆள் பேசுகிற மாதிரி மாறும். அடுத்து, இடமிருந்து வலமாகக் கறுப்பு வெள்ளை ஒன்றும் விடாமல் ஒரே அழுத்தத்தில் வாசித்துக்கொண்டே போங்கள். இரண்டு பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவில் குரல் மாறினால் அது தையல். பிறகு ஒரு கட்டையை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருங்கள். நிஜப் பியானோவின் ஓசை பல வினாடிகள் தேய்ந்துகொண்டே போகும். இடம் மிச்சம் பிடித்த ஒலியில் சீக்கிரமே சின்ன வட்டம் சுற்றுவது கேட்கும், உவ்-உவ்-உவ் என்று. வயலினுக்கும் இதே சோதனைதான். ஆனால் குழலுக்கும் நாதஸ்வரத்துக்கும் இது போதாது, அதற்குக் கீழே வருகிறேன்.

பாலிஃபோனி என்று ஒரு எண் சொல்வார்கள், ஒரே நேரத்தில் எத்தனை குரல் ஒலிக்கும் என்பது. ஸ்டீரியோ பியானோ ஒரு சுரத்துக்கு இரண்டு குரல் தின்னும். அதோடு இரண்டடுக்கு ஸ்டிரிங்ஸ் சேர்த்தால் ஒரு விரலுக்கு நான்கு. 16 குரல் உள்ள பெட்டியில் அது நான்கே சுரம், ஐந்தாவது விரல் வைத்தால் முதல் சுரம் அறுந்துபோகும். பெடல் மிதித்தால் இன்னும் வேகமாகத் தீரும். இன்று 128 என்பது சாதாரணம், அதனால் இதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

தோடியின் காந்தாரம்

நம் இசைக்கு எது முக்கியமோ அது விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்காது. இடது கைப் பக்கம் இருக்கும் சுருதி வளைக்கும் உருளையைச் சொல்கிறேன். யமஹாவில் இரண்டு சக்கரம், ஒன்று சுருதிக்கு, ஒன்று அசைவுக்கு. ரோலண்டின் பழைய வழக்கம் ஒரு சின்ன நெம்புகோல்: பக்கவாட்டில் தள்ளினால் சுருதி, முன்னால் தள்ளினால் அசைவு. கோர்க்கின் பெரிய பெட்டிகளில் ஜாய்ஸ்டிக். எது உசத்தி என்பது கைப்பழக்கம். எனக்குச் சக்கரம் ஒத்துவரவில்லை, ஜாய்ஸ்டிக்தான் வருகிறது. என் மாணவன் ஒருவன் நேர்மாறு.

ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம். பாடகர்கள் சொல்லும் 'ஒரு கட்டை' சுருதி என்றால் சி. அதில் ஸ வைத்துக்கொண்டால், தோடி ராகத்தின் காந்தாரம் மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டை. அதை வெறுமனே அழுத்தினால் தோடி வராது, பள்ளிக்கூட மணிதான் அடிக்கும். தோடியின் காந்தாரம் கீழே ரிஷபத்தையும் மேலே மத்திமத்தையும் தொட்டுத் தொட்டு ஆட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு இடையில் இருக்கும் தூரம் ஓர் அரைச்சுரம். அந்தக் கறுப்புக் கட்டையிலிருந்து ரிஷபம் இரண்டு அரைச்சுரம் கீழே, மத்திமம் இரண்டு அரைச்சுரம் மேலே. பெரும்பாலான கீபோர்டுகள் கடையிலிருந்து வரும்போதே உருளையின் எல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் என்றுதான் அமைந்திருக்கும். தோடியை மனதில் வைத்து ஜப்பானில் யாரும் அமைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அப்படியே பொருந்துகிறது. ஆகவே கடையில் குழல் ஒலியை எடுங்கள், அந்தக் கட்டையை அழுத்துங்கள், உருளையை முழுதாக மேலே, முழுதாகக் கீழே, நிதானமாக ஆட்டிப் பாருங்கள். நடுவில் படிப்படியாக ஏணி ஏறுகிற மாதிரி கேட்டால் அந்தப் பெட்டி கமகத்துக்கு ஆகாது. வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. கையை விட்டதும் சுருதி சரியாக நடுவுக்கு வந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். பழைய பெட்டிகளில் கொஞ்சம் விலகி நிற்கும், பாடுகிறவருக்கு அது பல்லில் மணல்.

கட்டையை அழுத்திய பிறகு மேலும் அமுக்கினால் ஒலி மாறுவதற்கு ஆஃப்டர்டச் என்று பெயர். குழலுக்கும் வயலினுக்கும் அது இருந்தால் அசைவை விரலிலேயே கொண்டுவரலாம். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கழற்றிவிடுவார்கள். யமஹா மான்டாஜில் உண்டு, அதன் தம்பியான எம்ஓடிஎக்ஸில் இல்லை. ஒலி எந்திரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பளுவைப் பாருங்கள்: 88 கட்டை மான்டாஜ் 29 கிலோ, 88 கட்டை எம்ஓடிஎக்ஸ் 13.8 கிலோ. 61 கட்டை என்றால் 6.6 தான். கூட மாட ஆளில்லாமல் செம்பனைக் காட்டு வழியாக மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு ஆஃப்டர்டச்சைவிட அந்த 6.6 பெரிய விஷயம். ரத ஊர்வலத்தில் வாசிப்பவர்களுக்கு இன்னொன்று: கோர்க் குரோஸ் 2 என்ற சின்ன ஒர்க்ஸ்டேஷன் 61 கட்டையில் 3.8 கிலோதான், ஆறு பேட்டரியில் ஓடும். கட்டைகளின் தொடுகை லேசாகத்தான் இருக்கும், வீட்டில் பியானோ பழக அது ஆகாது. லோரியில் ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அனுபவப்பட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பாடகர் வந்து "எனக்கு நாலரைக் கட்டை" என்பார். சி-யிலிருந்து ஆறு அரைச்சுரம் ஏற்ற வேண்டும். எல்லாப் பெட்டியிலும் டிரான்ஸ்போஸ் உண்டு. ஆனால் ஏற்றும்போது டிரம் கட்டைகளும் கூடவே நகர்ந்து, கிக் இருந்த இடத்தில் தட்டு ஒலிக்கிறதா என்று பாருங்கள். பாட்டுக்கு ஒரு கட்டை என்று பதிந்துவைத்துக்கொள்ள முடிகிறதா என்றும் பாருங்கள். மேடையில் ஒவ்வொரு தடவையும் விரலால் எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

தாளத்தை நேராக்கும் இயந்திரம்

சீக்வென்சர் என்பது ஒலியைப் பதிவதில்லை. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் அழுத்தினீர்கள் என்ற குறிப்பைப் பதிகிறது. தோட்டத்துப் பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, கிராணி பெயர் எழுதுகிற மாதிரி. அதனால்தான் வாசித்த பிறகும் வேகத்தை மாற்றலாம், வாத்தியத்தை மாற்றலாம், தப்பான ஒரு சுரத்தை மட்டும் திருத்தலாம்.

அதில் குவான்டைஸ் என்று ஒரு வசதி. முன்னே பின்னே விழுந்த சுரங்களை இழுத்துக் கட்டத்துக்குள் உட்கார வைக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இது வரம் மாதிரித் தெரியும். நம் தெம்மாங்கு நடை பெரும்பாலும் திஸ்ரம், ஓர் அடிக்குள் மூன்று. பெட்டி சாதாரணமாக நான்காகப் பிரித்த கட்டத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும். தெரியாமல் அந்தப் பொத்தானை அழுத்தினால் மூன்றைப் பிடித்து நான்கில் திணித்துவிடும், பாட்டு நொண்டும். மூன்றாகப் பிரிக்கும் கட்டம் இருக்கிறதா, நூற்றுக்கு அறுபது பங்கு மட்டும் இழு என்று சொல்ல முடிகிறதா, மிஸ்ர சாபுவுக்கு ஏழு-எட்டு என்று பார் அளவை வைக்க விடுகிறதா, இந்த மூன்றையும் கேளுங்கள். உறுமிக்காரர்கள் முழுதாக நேராக்கிய தாளத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் அடியில் ஒரு தள்ளல் இருக்கும், அது கட்டத்துக்குள் அடங்காது.

உறுமி என்றதும் சாம்ப்ளருக்கு வருகிறேன், தம்பி அதற்காகத்தான் குதித்துக்கொண்டிருந்தான். எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் நம் ஊர் உறுமி கிடைக்காது, நாமேதான் பிடித்துப் போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குழுவை வரவழைத்துப் பதிவு செய்தோம். நேர்க்குச்சியால் அடிக்கும் பக்கம் சுலபம், ஒரு அடி, ஒரு கட்டை. வளைந்த குச்சியால் தோலை உரசி எழுப்புகிற அந்த முனகல்தான் சிக்கல். அதன் சுருதி ஏறிக்கொண்டே போகும். அதை ஒரு கட்டையில் வைத்து மேல் கட்டையில் வாசித்தால் முனகல் வேகமெடுத்துக் குருவிக் கீச்சாகிவிடும், கீழே வாசித்தால் மாடு கத்தும். கடைசியில் குட்டை, நெட்டை, ஏற்றம், இறக்கம் என்று ஒன்பது முனகலைத் தனித்தனியாகப் பிடித்து ஒன்பது கட்டையில் வைத்தோம். உருளையால் லேசாக வளைத்தால் உயிரும் வந்தது.

இங்கே பார்க்க வேண்டியது, பிடித்ததைப் பெட்டி எங்கே வைத்துக்கொள்கிறது என்பதுதான். டிரைட்டன் காலத்துப் பெட்டிகளில் சுவிட்சை அணைத்தால் பிடித்ததெல்லாம் போய்விடும், டிஸ்க்கில் சேமித்து ஒவ்வொரு தடவையும் மறுபடி ஏற்ற வேண்டும். எம்ஓடிஎக்ஸில் அணைத்தாலும் அழியாத இடம் 1 ஜிகாபைட் இருக்கிறது. மேடையில் கரண்டு போய் வந்தால் இந்த வித்தியாசம் உயிர்போகிற வித்தியாசம்.

வெளியே போகும் ஒலியைப் பற்றி ஒன்று மட்டும். ஸ்டீரியோவில் அகலமாக, அழகாகக் கேட்கும் சில பியானோக்கள் மோனோவில் மெலிந்துபோகும். இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். தோட்டத்துக் கோயில் ஸ்பீக்கர் எல்லாம் மோனோதான். கடையிலேயே இடப்பக்க ஜாக்கில் மட்டும் ஒயரைச் சொருகிக் கேட்டுவிடுங்கள்.

பழையதை வாங்குகிறவர்களுக்கு

புதிதாக வரும் உச்ச ரகப் பெட்டிகள் பத்தாயிரம் மலேசிய வெள்ளியைத் தாண்டும். அதனால் நம்மில் பலர் பழையதைத்தான் தேடுவோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெட்டிக்குப் பின்னால் மின்சாரம் எழுதியிருக்கும் தகட்டை முதலில் படியுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. ஜப்பானிலிருந்து நேராக வந்த பழைய சாமான் ஒன்றை நான் ஒருவரிடம் வாங்கினேன். மூன்று கால் பிளக்கை மாட்டி அழகாகத்தான் கொடுத்தார். பிளக்கை மாற்றியவர் வோல்ட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொருகியதும் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருவாடு கருகுகிற மாதிரி ஒரு வாடை. தகட்டில் 100 என்று இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

அடுத்து எல்லாக் கட்டையையும் மெதுவாக, ஒரே அளவில் அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இரண்டு தொடுமுனை உண்டு. முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையில் ஆன நேரத்தை வைத்துத்தான் நீங்கள் எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்று பெட்டி கணக்குப் போடுகிறது. ஒன்றில் தூசியோ ஈரமோ ஏறினால் கணக்குக் கெட்டு, மெல்லத் தொட்டாலும் அந்தக் கட்டை மட்டும் அலறும், அல்லது ஊமையாகிவிடும். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். தேய்ந்துபோயிருந்தால் அந்த ரப்பர் பட்டையை மாற்ற வேண்டும். ரப்பர் என்றதும் நம் பால்மரம் என்று பெருமைப்பட வேண்டாம், அது சிலிக்கோன். நம் ஊர் ஈரத்துக்கு இது வராத பெட்டி குறைவு. கூடவே பல்லி. நான் திறந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் பல்லி முட்டை பார்த்திருக்கிறேன்.

திரை மங்கியிருக்கிறதா, தொடுதிரை தொட்ட இடத்தில்தான் கேட்கிறதா, ஃபிளாப்பி போடும் பெட்டி என்றால் அதற்குப் பதில் யுஎஸ்பி மாட்ட வழி உண்டா, உள்ளே இருக்கும் காசு பேட்டரி எப்போது மாற்றியது, இவ்வளவும் ஐந்து நிமிஷ வேலை.

எல்லாம் கேட்ட பிறகு தம்பி மெல்லக் கேட்டான்: "ஏண்ணே, லேப்டாப்பே போதாதா?" நல்ல கேள்விதான். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால் போதும். ஒரு சின்ன மிடி கீபோர்டும் ஒரு லேப்டாப்பும் பாதி விலையில் இதைவிட அகலமான உலகத்தைத் திறந்துவிடும். ஒலி மாற்ற ஐந்து திரை தாண்ட வேண்டியதில்லை, எஃபெக்டுக்கும் பஞ்சமில்லை. மேடையும் உண்டு, வியர்வையும் ஊதுபத்திப் புகையும் உண்டு, பாட்டுக்கு நடுவில் அப்டேட் கேட்டுத் திரை நின்றுவிடக் கூடாது என்றால் ஒர்க்ஸ்டேஷன். இரண்டையும் யுஎஸ்பி ஒயரால் சேர்த்துக்கொள்வதும் இப்போது சாதாரணம். கணினிக்கு ஒயரில் குறிப்பு மட்டும் போகிறதா, ஒலியும் சேர்ந்து போகிறதா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போன சனிக்கிழமை அவன் மறுபடியும் ஈப்போ போனான், என் ஹெட்ஃபோனோடு. இந்தத் தடவை வந்த பதிவில் மணியும் இல்லை, இடியும் இல்லை. பதினாறு பார், திஸ்ர நடை, பேஸ் ஒரு இடத்தில் தடுக்குகிறது. ராத்திரி பஜனை முடிந்தபின் அதைக் கோயில் ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேட்டோம். குழல் கேட்டது. ஸ்டிரிங்ஸைக் காணோம். அடுத்த வாரம் பக்கத்து அலமாரிப் பெட்டியில் அதே பதினாறு பாரைக் கட்டப்போகிறானாம்.